சூடாக்காமல் விட்ட கை

என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ஷாக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர். போலீஸ் இல்லை, பயந்துவிடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நரம்பு டெஸ்ட் எடுக்கிற டெக்னீஷியன். கை மரத்துப் போகிறது, கால் எரிகிறது, பிடித்த டம்ளர் நழுவுகிறது என்று வருகிறவர்களைப் படுக்கவைத்து, விரலில் ஒரு பட்டையை ஒட்டி, மணிக்கட்டில் சின்னதாக ஒரு கரண்ட் வைப்பார். இங்கே வைத்தது அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மெஷின் பார்த்துச் சொல்லும். நோயாளிகள் அவரைக் 'கரண்ட்காரர்' என்பார்கள். அந்தப் பட்டத்தில் அவருக்கு ரொம்பப் பெருமை. எனக்குத்தான், கடையில் 'கரண்ட்காரர் வீட்டம்மா' என்று யாராவது கூப்பிட்டால் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய அறையைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் படுக்கிற கட்டில், சக்கரம் வைத்த மேஜையில் மெஷின், கொத்துக் கொத்தாக ஒயர், பசை டப்பா, டேப். ஜன்னல் என்ற பேச்சே இல்லை. ஏசியை எந்த மகராசனோ கடும் குளிரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதனால்தான் கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும், தண்ணீர் சுடவைக்கிற கெட்டிலும், தோலில் வைத்துப் பார்க்கிற தெர்மாமீட்டரும் இருக்கும். முதலில் நோயாளியின் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சூடேறிய பிறகுதான் கரண்ட். அந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவதே இதுதானாம்.

ஏன் என்று ஒருநாள் நான் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க விடாமல் ஆரம்பித்தார்.

"நரம்புன்னா ஒயர்னு நெனச்சியா? ஒயர்ல கரண்ட் அதுபாட்டுக்கு ஓடும். நரம்புல அப்படி இல்ல. ஒவ்வொரு நரம்பு செல்லுக்கும் நூல் மாதிரி நீளமா ஒரு வால் இருக்கு. அதுக்கு வெளியே உப்புத் தண்ணி, சோடியம் ஜாஸ்தி. உள்ளே பொட்டாசியம் ஜாஸ்தி. உள்பக்கம் எப்பவும் கொஞ்சம் மைனஸ். சும்மா இருக்கிறப்பவே பேட்டரி மாதிரி ரெடியா நிக்கும்."

"சரி, நின்னுட்டுப் போகட்டும். தட்டைக் குடுங்க."

"இருடி. அந்தச் சுவர் பூரா குட்டிக் குட்டிக் கதவு. ஒரு இடத்துல தூண்டினா அங்க இருக்கிற கதவு படக்குன்னு திறக்கும். சோடியம் உள்ளே பாயும். அந்த இடம் மட்டும் ஒரு நொடிகூட இல்ல, அதுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் பிளஸ்ஸா மாறும். அதைப் பார்த்துட்டு பக்கத்துக் கதவு திறக்கும். அதுக்கப்புறம் அதுக்குப் பக்கத்துல. இப்படியே போய்க்கிட்டே இருக்கும். திறந்த கதவு உடனே சாத்திக்கும், கொஞ்ச நேரத்துக்குத் தட்டினாலும் திறக்காது. அதனாலதான் சிக்னல் வந்த வழியே திரும்பாம முன்னாடியே போகுது."

"இவ்வளவும் நடந்து முடியறதுக்குள்ள என் கை அடுப்புல வெந்துடும்."

"அட, நரம்பைச் சுத்திக் கொழுப்புல உறை போட்டிருக்கு. உறைக்கு நடுநடுவுல கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி. சிக்னல் இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும். ரயிலைவிட வேகம்! ஆனா கை குளிர்ந்திருந்தா கதவெல்லாம் மெதுவாத் திறக்கும், மெதுவா மூடும். நல்ல நரம்புகூட நோய் புடிச்சது மாதிரி நொண்டும். அதுக்குத்தான் வெந்நீர்த் தொட்டி. இன்னொண்ணு கேளு. இதுல பாதி சிக்னல்னு கிடையவே கிடையாது. போனா முழுசாப் போகும். தூண்டினது பத்தலைன்னா போகவே போகாது."

"உங்கம்மா கோபம் மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அப்படிப்பட்ட மனிதர் அவர். வாய் ஓயாது. நோயாளி பயந்து நடுங்கும்போதுகூட ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து, சிரிக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் வைத்துவிடுவார்.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கினவள் நான்தான், அதனால் அவனைத் திட்டுகிற உரிமையும் எனக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் இருக்கிற குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். மீன், இறைச்சி, காய்கறி என்று எல்லாவற்றையும் உறைய வைத்து அடுக்குகிற இடம். உள்ளே போகும்போது கழுத்துவரை மூடின குண்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அசைந்து அசைந்து நடப்பான். அதனால் அங்கே அவனுக்குப் பெங்குவின் என்று பெயர்.

அந்தக் கிடங்கின் வாசலில் எடை போடுகிற மேடையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். எடைப்பொண்ணு என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். ஒரு பெட்டி கொஞ்சம் குறைந்தாலும் முதலாளியே வந்து கெஞ்சினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். என் தம்பி கல்யாணமே வேண்டாம் என்று வருஷக்கணக்காகப் பிடி கொடுக்காமல் இருந்தவன், அவளைப் பார்த்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டிக்கொள்ள ஆரம்பித்தான். ஒருநாள் அவளை வீட்டுக்கே கூட்டிவந்தான். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "அக்கா, இவர் உங்ககிட்ட மட்டும்தான் பயப்படுவாராம். எனக்கு அந்த வித்தையைச் சொல்லித் தாங்க" என்றாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்கு மாதம்கூடக் குறித்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்கு விரல் மரத்துப் போக ஆரம்பித்தது. வண்டியின் லிவரைப் பிடித்தால் பிடித்த மாதிரியே தெரியவில்லை என்றான். என் வீட்டுக்காரர், "இதுக்கு எதுக்கு மாப்ளே கவலை? கையில மெஷினை வச்சுக்கிட்டு உனக்குப் பார்க்கலைன்னா நான் எதுக்கு?" என்று சொல்லி, டாக்டரம்மாவிடம் சீட்டும் வாங்கி வைத்தார்.

தம்பிக்கு டீ இடைவேளை மட்டும்தான் ஓய்வு. ஃப்ரீசர் அறையிலிருந்து வெளியே வந்தவன் ஜாக்கெட்டோடு நேராக ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறி இவர் அறைக்குள் போயிருக்கிறான். வெளியே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. இவர் அவன் கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன மாப்ளே, கை பொணம் மாதிரி இருக்கு! கல்யாணத்தன்னைக்கு இந்தக் கையை அவ புடிச்சான்னா அலறிடுவா" என்று சொல்லியிருக்கிறார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே பட்டையை ஒட்டி, சிரித்துக்கொண்டே கரண்ட் வைத்து, கை இரண்டும் கால் இரண்டும் முடித்து அனுப்பிவிட்டார். தெரியாத ஆளாக இருந்தால் தொட்டி வெளியே வந்திருக்கும். சொந்த மச்சானுக்கு அவசர உதவி செய்கிற சந்தோஷத்தில் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அன்றைக்கு நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஜோக் வரைக்கும் இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுதான்.

டாக்டரம்மா கோடுகளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாராம். முட்டியில் சுத்தியலால் தட்டினார். கால் நன்றாகத்தான் குதித்தது. ஆனாலும் எல்லா நரம்பிலும் சிக்னல் ஒரே மாதிரி மெதுவாகப் போகிறதே. "நரம்போட உறையில ஏதோ கோளாறு மாதிரி தெரியுது. ஆரம்பக் கட்டமா இருக்கலாம். சில பேருக்கு இது பரம்பரையாவும் வரும். இப்போதைக்கு வண்டி ஓட்டாதீங்க, சில மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்" என்றார். அவர் 'இருக்கலாம், வரலாம்' என்று சொன்னதையெல்லாம் என் தம்பி 'இருக்கு, வரும்' என்று காதில் வாங்கிக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? நாங்களும் அப்படித்தான் வாங்கிக்கொண்டோம். நான் என் பிள்ளை நடக்கிற நடையையே உற்று உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

கிடங்கில் அவனை வண்டியிலிருந்து இறக்கி, வாசல் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். அதற்கு அடுத்த நாளே எடை மேடைக்குப் போய் அவளிடம், "நமக்குள்ள இது வேண்டாம். எனக்கு நரம்பு நோய். பொறக்கிற குழந்தைக்கும் வருமாம். உன் வாழ்க்கையை நான் பாழாக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறான்.

"என்னைக் கேட்டியா?" என்றாளாம் அவள்.

"கேக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான். அவள் அதற்குப் பிறகு அவனிடம் பேசவில்லை. தூரத்து ஊர் ஒன்றில் கம்பெனி திறக்கிற புதுக் கிடங்குக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். எனக்கு விஷயம் தெரிந்ததும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "பெரிய தியாகின்னு நெனப்பா உனக்கு?" என்று கத்தினேன். அவன் கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

என் வீட்டுக்காரர் அந்த நாட்களில் தம்பிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார். அது ஒரு வியாழக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு ஒரு வயதான அம்மா டெஸ்டுக்கு வந்தார்களாம். ஏசி அறையில் காத்திருந்ததில் அவர்கள் கை குளிர்ந்து போயிருந்தது. தொட்டியில் வைக்கச் சொன்னால், "தண்ணிய அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல ஷாக்கைக் குடுப்பா, பயத்துலயே உயிர் போகுது" என்று அடம் பிடித்திருக்கிறார்கள். சரி என்று சமாதானத்துக்காக ஒரு விரலில் மட்டும் எடுத்துப் பார்த்தார். சிக்னல் வந்து சேர்ந்தால் திரைக் கோட்டில் எழும்புகிற மேடு தாமதமாக வந்தது. ஆனால் உயரமாக, அகலமாக, கொழுகொழுவென்று வந்தது. பிறகு கையைச் சூடாக்கி எடுத்தபோது அதே மேடு சீக்கிரமாக, சாதாரண உயரத்தில் வந்தது. நோயில் நரம்பு கெட்டுப் போனால் மேடு பெரும்பாலும் சிறுத்துப் போகும், இல்லை சிதறிப் போகும். குளிரில் மட்டும் கதவுகள் மூடத் தாமதம் ஆவதால் மேடு பெருத்து வரும். தாமதமும் பெருத்த மேடும் சேர்ந்தால் அது குளிர். இது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதே மாதிரி ஒரு மேட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தாராம். உடனே அவர் காதில் அவருடைய ஜோக்கே கேட்டதாம். கை பொணம் மாதிரி இருக்கு மாப்ளே.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, மனிதர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார் என்பது மட்டும்தான். முகத்தில் ஈயாடவில்லை. "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார். வெள்ளியும் அப்படியே, சனியும் அப்படியே. பிள்ளை ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் யாரிடமாவது சண்டை போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தம்பி வந்தான். சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தான். வந்ததும் என்னிடம் வரவில்லை, நேராக இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மாமா, நான் ரெண்டு நாளா யோசிச்சேன். அக்கா திட்டினது சரிதான். அவளை நான் கேட்கவே இல்ல. நோயோ நொடியோ, எனக்கு இதுதான், உனக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுடறேன். நாளைக்குக் காலையில அவ பஸ் ஏறுறா. போய் நிக்கட்டுமா?"

நான் டீயோடு வாசற்படியில் நின்றேன். போடா, இப்போதே போடா என்று என் வாய் வரைக்கும் வந்தது. இவர் என்ன சொல்வார் என்று பார்த்தேன். அவன் கேட்டது இவரைத்தானே.

இவர் தரையைப் பார்த்தார். "அவசரப்படாத மாப்ளே" என்றார். "நாளைக்கு இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துடுவோம். ரிசல்ட்டைப் பார்த்துட்டு அப்புறமாப் போ. ஊர் எங்க ஓடியா போயிடப் போகுது?"

"டெஸ்ட் என்ன சொன்னாலும் நான் கேட்கப் போறது ஒண்ணுதானே?"

"எனக்காக ஒரு நாள் பொறுடா."

மாமா எனக்காக என்று சொல்லிவிட்டார். என் தம்பிக்கு அப்பாவின் இடத்தில் இருந்தவர் அவர். தலையாட்டிவிட்டு, டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனான். மறுநாள் காலை அந்தப் பெண் பஸ் ஏறிப் போய்விட்டாள். வழியனுப்ப யாரும் போகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் தம்பி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். "அக்கா! எனக்கு ஒண்ணுமே இல்லையாம்! நரம்பு குதிரை மாதிரி ஓடுதாம்!" என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றாத குறை. பின்னாலேயே என் வீட்டுக்காரர் வந்தார். பேயறைந்த மாதிரி இருந்தார்.

"அப்போ முதல்ல எடுத்தது?" என்றேன்.

"மெஷின்ல ஏதோ கோளாறு இருந்திருக்கும்னு மாமா சொன்னார். விடுக்கா, அது எப்படிப் போனா என்ன! இன்னைக்கு எல்லாம் பக்காவா பண்ணினார். கை கால் எல்லாத்தையும் வெந்நீர்ல ஊறப் போட்டு, தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்து... அன்னைக்கு இந்த உபசாரம் எல்லாம் ஒண்ணும் கிடையாது. ஏதோ ஐஸ் மீனைக் கிடத்தின மாதிரி கிடத்தி..."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இவரைப் பார்த்தேன். இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"என்னங்க," என்றேன். "அன்னைக்கு இவன் கையைச் சூடு பண்ணினீங்களா?"

"அது... கூட்டம் ஜாஸ்தியா இருந்துது. மெஷினும் கொஞ்சம்..."

"பண்ணினீங்களா இல்லையா?"

"கொஞ்சம் குளிர் இருந்திருக்கலாம். அதோட மெஷினும் சேர்ந்து..."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "பாதி சிக்னல்னு கிடையாது, போனா முழுசாத்தான் போகும்னு தட்டைக்கூட எடுக்க விடாம எனக்குப் பாடம் எடுத்தீங்களே! இப்ப மட்டும் என்ன பாதி பாதியாச் சொல்றீங்க? முழுசாச் சொல்லுங்க, இல்லைன்னா வாயே திறக்காதீங்க!" என்று கத்தினேன்.

அவர் சொன்னார். நின்றபடியே சொன்னார். ஜில்லென்றிருந்த கையைப் பிடித்துப் பார்த்தது, ஜோக் அடித்தது, தொட்டியை எடுக்காதது, பாட்டியின் விரலில் அந்தக் கொழுத்த மேடு வந்தது, பழைய டெஸ்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது, எல்லாவற்றையும். தம்பி முதலில் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான். அவன் மனசு அப்படி.

"போகட்டும் மாமா. மனுஷன்னா தப்பு பண்ணாமலா? நானும்தானே அவசரப்படுத்தினேன்." சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

இவர் மறுபடி சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"எப்போ மாமா?"

"வியாழக்கிழமை."

"நேத்து நான் வந்து கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்டா."

"தெரிஞ்சுதான் பொறுன்னு சொன்னீங்க."

"நல்ல ரிசல்ட்டோட நீ போவ, நானும் மாட்டிக்க மாட்டேன்னு நெனச்சேன். வேலை போயிடுமோன்னு பயம். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ற தைரியம் இல்ல. ஒரே ஒரு நாள்தானேன்னு..." வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் ஓடிப்போய்த் தேற்ற எனக்கு மனசு வரவில்லை.

தம்பி எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் அவ ஊருக்குப் போறேன்க்கா" என்றான். இவர் பக்கம் திரும்பாமலே படி இறங்கினான்.

போனவன் மறுநாளே திரும்பிவிட்டான். வீட்டுக்கு வரவில்லை, என்னை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னான். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பையைக்கூடத் திறக்காத மாதிரி இருந்தது.

புதுக் கிடங்கின் எடை மேடையிலேயே அவளைப் பிடித்திருக்கிறான். மூச்சு வாங்க, எனக்கு நோயே இல்லை, எல்லாம் டெஸ்டில் நடந்த தப்பு, வா கல்யாணம் பண்ணிக்கலாம் என்று சொல்லியிருக்கிறான். அவள் எல்லாவற்றையும் கேட்டாளாம். ரொம்ப சந்தோஷம் என்றாளாம். நிஜமாகவே கண்ணில் சந்தோஷம் இருந்ததாம். பிறகு சொல்லியிருக்கிறாள்.

"உனக்கு நோய்னு நெனச்சப்ப நீ என்னைக் கேட்காம முடிவு பண்ணின. நோய் இல்லைன்னதும் வந்து நிக்கறே. நாளைக்கு வேற ஏதாவது வந்தா மறுபடியும் என்னை இறக்கி விட்டுட்டுப் போயிடுவ. நேத்துக் காலையில பஸ்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். அந்த நோயோட வந்து நின்னிருந்தீன்னா நான் இறங்கி வந்திருப்பேன்."

"நான் வர்றதாத்தான் இருந்தேன்னு சொன்னியா?" என்றேன்.

"சொன்னேன். மாமா பொறுன்னார்னு சொன்னேன்." அவன் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டான். "'அப்பவும் உன் மாமாவைத்தான் கேட்டே, என்னைக் கேட்கலை'ன்னு சொல்லிட்டா. அதுக்கு நான் என்னக்கா சொல்றது?"

இதை நான் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போதும் சிலசமயம் தோன்றும். ஆனால் முழுசாகச் சொல்லச் சொன்னவள் நான்தானே. அவருக்கு மட்டும் முழுசு, எனக்குப் பாதியா? கேட்டுவிட்டு அவர் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவரே டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். வேலை போகவில்லை. டாக்டரம்மா காய்ச்சி எடுத்துவிட்டு, "உறை கெட்டிருந்தா கால் அப்படிக் குதிக்காதே, அப்பவே நானும் சந்தேகப்பட்டிருக்கணும்" என்று தன் தலையிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டாராம். என் தம்பி விரல் மரத்ததற்குக் காரணம் குளிரும் இறுக்கமான கையுறையும்தான் என்றார். வேறு கையுறை போட்டதும் சரியாகிவிட்டது. அவனும் பழையபடி வண்டி ஓட்டப் போய்விட்டான். பார்க்கப் போனால் எல்லாம் சரியாகிவிட்டது. இவர் அப்படிச் சொல்லிக்கொள்ள முயன்று பார்த்ததை நானே கேட்டிருக்கிறேன். யாரோ முகத்தில் அறைந்த மாதிரி பாதியிலேயே நிறுத்திவிடுவார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் ஜோக் கிடையாது. போனவாரம் டெஸ்டுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டம்மா, "உங்க வீட்டுக்காரர் முன்ன மாதிரி இல்லையேம்மா, கோயில்ல நிக்கிற மாதிரி நிக்கிறாரு" என்று என்னிடம் குறைப்பட்டாள். தொட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து மேஜைக்கு மேலே வந்துவிட்டது. யார் வந்தாலும், கை சூடாக இருந்தாலும் சரி, தன் இரண்டு கைக்குள் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வாராம். தெர்மாமீட்டரை அதற்கப்புறம்தான் எடுப்பாராம். சிலர் வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொள்கிறார்கள். அப்போதும் விடமாட்டாராம்.

வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. என் பிள்ளை ஏதோ பள்ளிக்கூடப் பாடத்துக்காக, "அப்பா, நரம்பு முடியற இடத்துல சிக்னல் எப்படிப்பா தசைக்குப் போகும்?" என்று கேட்டான். முன்பு என்றால் விளக்கிக் காட்டுவதற்குத் தட்டும் டம்ளரும் மேஜையில் அணிவகுத்திருக்கும். "ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்காது. நடுவுல துளி இடைவெளி. கரண்ட் அதைத் தாண்டாது. நரம்பு நுனியில குட்டிக் குட்டிப் பை இருக்கும், அது உடைஞ்சு மருந்து மாதிரி ஒண்ணைக் கொட்டும். அது அந்தப் பக்கம் போய்த் தொட்டாத்தான் தசை அசையும். கொட்டலைன்னா, அவ்வளவு தூரம் ஓடி வந்தும் பிரயோஜனம் இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

தம்பி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். என்னிடம் போனில் பேசுவான். "மாமா எப்படி இருக்கார்?" என்று கேட்கமாட்டான். நான் பேசும்போது இவர் பக்கத்து அறையில் பேப்பரைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வரும். இரண்டு பேரும் என் ஆட்கள், நான் யாரைப் போய்த் திட்ட?

மழைக்காலம் போய் வெயில் வந்து, அதுவும் போய் மறுபடி மழை பிடித்த ஒரு சாயங்காலம், வாசலில் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர்தான் போய்த் திறந்தார். தம்பி நின்றான். அந்தக் குண்டு ஜாக்கெட்டோடு, வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். இவர் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். அவன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜாக்கெட் கையை மேலே தள்ளிவிட்டு வலது கையை மட்டும் நீட்டினான்.

இவர் அதைப் பிடித்தார். பிடித்ததும் எனக்கே தெரிந்தது, அது எவ்வளவு ஜில்லென்று இருந்திருக்கும் என்று. இவர் தன் இரண்டு கைக்குள்ளும் அதை வைத்து மூடிக்கொண்டார்.

"அவளுக்கு நேத்துக் கல்யாணமாயிடுச்சு மாமா" என்றான் தம்பி. "அந்த ஊர்லயே யாரோ. நல்லவனாம். அவளைக் கேட்டுத்தான் பண்ணிக்கிட்டானாம்."

இவர் தலை குனிந்தது. தோள் குலுங்கியது. தம்பி கையை இழுத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் இழுக்கவில்லை. எவ்வளவு நேரமோ இருவரும் வாசலிலேயே நின்றார்கள், மழைச் சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

"போதும் மாமா, சூடாயிடுச்சு" என்றான் தம்பி.

இவர் விடவில்லை. நான் போய் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.